நாடாளுமன்றத்தில் அமைச்சரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டத்தொடர் தொடங்கினாலே தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "நம்ம எம்.பி. ஏன் இதைக் கேட்கலை?" இல்லாவிட்டால், "கேட்டாராமே, ஏன் பதிலே வரலை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டெல்லி நாடாளுமன்றத்தைப் பற்றி மட்டும்தான் இது, அதிலும் பெரும்பாலும் மக்களவை விதிகள். மாநிலங்களவையில் வேறு மாதிரி இருந்தால் அந்த இடத்தில் சொல்கிறேன்.

ஒரு எம்.பி. நினைத்தால் எழுந்து நின்று எதை வேண்டுமானாலும் கேட்டுவிடலாம்தானே?

முடியாது. பலருக்கும் இது தெரிவதில்லை. கேள்வியை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் குறைந்தது 15 நாள் முன்னதாக. எந்த அமைச்சருக்கு, எந்தத் தேதிக்கு என்பதையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுப்பாகப் பிரித்து வாரத்தில் ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். ரயில்வேயின் நாள் தாண்டிவிட்டால் ரயில்வே கேள்விக்கு அடுத்த வாரம்தான். வந்து குவியும் கேள்விகளில் யாருடையது முன்னால் வரும் என்பதைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்த 15 நாளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளிர்காலக் கூட்டத்தொடர் பெரும்பாலும் மூன்று வாரம்தான் நடக்கிறது. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது நாட்டில் பெரிதாக ஏதாவது நடந்தால், அதைப் பற்றிய சாதாரணக் கேள்வி அநேகமாக அடுத்த கூட்டத்தொடருக்குப் போய்விடும். அமைச்சகம் தகவல் திரட்ட நேரம் வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் கூட்டத்தொடர்கள் சுருங்கச் சுருங்க அதே விதி இன்னும் கடுமையாகிவிடுகிறது.

நட்சத்திரக் கேள்வி, நட்சத்திரமில்லாத கேள்வி என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

பட்டியலில் நட்சத்திரக் குறி போட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். குறி இல்லாததற்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. மாநிலங்களவையில் 15, 160. மக்களவையில் ஒரு எம்.பி.யின் பெயரில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான் இடம்பெறலாம்.

அந்த 20 கேள்வியும் அவையில் எடுத்துக்கொள்ளப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். இதற்கென ஒதுக்கிய ஒரு மணி நேரத்தில், அதாவது கேள்வி நேரத்தில், நான்கைந்து முடிந்தாலே நல்ல நாள். மிச்சமெல்லாம் எழுத்துப் பதிலாக மாறிவிடும். 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 கேள்வியையும் எடுத்து முடித்தார்கள். 1972-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை என்று செய்தியே வந்தது.

எழுத்தில் பதில் வந்தால் போதாதா? விவரமாகவும் இருக்குமே?

போதாது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான். நட்சத்திரக் கேள்வியின் பலம் கேள்வியில் இல்லை, அதைத் தொடர்ந்து வரும் துணைக் கேள்வியில் இருக்கிறது. பதில் வந்ததும் கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி கேட்கலாம், பிறகு சபாநாயகர் அனுமதித்தால் மற்றவர்களும் ஆளுக்கொன்று கேட்கலாம். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த தாளை அமைச்சர் வாசித்து முடித்த பிறகு, தாளில் இல்லாத ஒன்றை அவர் எல்லோர் முன்னாலும் நின்று சொல்லியாக வேண்டும். விஷயம் தெரிந்த அமைச்சர் யார், தெரியாதவர் யார் என்பது அங்கே ஒரு நிமிடத்தில் வெளிச்சமாகிவிடும். எழுத்துப் பதிலில் அது நடக்காது. மழுப்பலாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதோடு கதை முடிந்தது.

வெள்ளைக்காரனுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 1892 சட்டத்தில்தான் சட்ட மேலவை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை முதலில் வந்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுக்க வேண்டியிருந்த கிராமத்துக் கடைக்காரர்கள் படும் சிரமத்தைப் பற்றிய கேள்வி அது. ஆனால் பதிலின் மேல் விவாதம் கூடாது, துணைக் கேள்வியும் கூடாது. 1909-ல் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும் துணைக் கேள்வி உரிமை கொடுத்தார்கள். மற்ற உறுப்பினர்களுக்கும் அது கிடைத்தது 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான். கேட்கும் உரிமையைக் கொடுத்த பிறகும், பதிலைத் துருவும் உரிமையைக் கொடுக்க கால் நூற்றாண்டுக்கு மேல் இழுத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டு ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 1957-ல் அரசின் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், எல்ஐசி, தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் கம்பெனிப் பங்குகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டிருந்தது. மக்களவையில் அதைப் பற்றி முதலில் கேள்வி வந்தபோது நேரான பதில் வரவில்லை. விடாமல் தொடர்ந்தார்கள். டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு அவையில் பேசினார். அவர் ஆளும் காங்கிரஸ்காரர், அதற்கும் மேல் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சக்லா தலைமையில் விசாரணை நடந்தது, அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம்ம சென்னைக்காரர், பதவி விலகினார். இத்தனைக்கும் தொடக்கம் கேள்விப் பட்டியலில் வந்த ஒரு கேள்விதான். ஆளுங்கட்சி எம்.பி. தன் அரசையே துருவிக் கேட்பதை இன்றைக்குக் கற்பனை செய்வதே கடினமாக இருக்கிறது, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

எந்த மாதிரிக் கேள்விகளை நிராகரிக்கலாம்?

மக்களவை விதி 41-ல் நீளமான பட்டியல் இருக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். கேள்வி பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு, அவதூறு இருக்கக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது, "இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்" என்றும் கேட்கக் கூடாது. ஏற்கெனவே பதில் வந்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது. அற்பமாகவோ தெளிவில்லாமலோ இருக்கக் கூடாது. கையெட்டும் புத்தகத்திலோ ஆவணத்திலோ இருக்கும் தகவலைக் கேட்கக் கூடாது. இதெல்லாம் சரி, எனக்கு இவற்றில் பெரிய சண்டை இல்லை.

சண்டை வேறு ஐந்து இடத்தில் வருகிறது. ஒன்று, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம். இரண்டு, ரகசியத் தன்மை உள்ள விஷயம். மூன்று, மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத விஷயம். நான்கு, மத்திய அரசுக்கு முதன்மையாகப் பதில் சொல்லக் கடமைப்படாத அமைப்பின் கையில் இருக்கும் விஷயம். ஐந்து, ஒரு பதிலுக்குள் அடங்காத அளவு பெரிய கொள்கை விஷயம். இவை எல்லாமே ரப்பர் மாதிரி, இழுத்தால் எதுவரையும் நீளும். போலீஸ் காவலில் ஒருவர் இறந்ததைப் பற்றிக் கேட்டால் "காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் வருகின்றன" என்ற வரியோடு பதில் தொடங்கும். பெரிய கொள்கையைப் பற்றிக் கேட்டால் கேள்வியே பட்டியலுக்கு வராமல் போகலாம். அப்படியானால் நாட்டின் தலையெழுத்தை மாற்றும் முடிவுகளை எந்த நேரத்தில்தான் கேட்பது?

அனுமதிப்பதா வேண்டாமா என்று யார் முடிவு செய்கிறார்கள்? நீதிமன்றத்துக்குப் போகலாமா?

மக்களவையில் சபாநாயகர், மாநிலங்களவையில் அவைத்தலைவர். கேட்கும் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவதாக அவருக்குத் தோன்றினாலே ஒரு கேள்வியை அவர் நிராகரிக்கலாம். அவை நடைமுறையில் குறை இருக்கிறது என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போக அரசியல் சாசனத்தின் 122-ஆவது பிரிவு இடம் கொடுக்காது.

நடைமுறையில் நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி அந்த அவையின் அலுவலகமான செயலகத்துக்கு வந்ததும் தற்காலிகமாக அனுமதித்து அமைச்சகத்துக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள். அந்தக் கட்டத்தில் அமைச்சகம் "இது ரகசியம்", "இது எங்கள் பொறுப்பில் வராது" என்று எழுதி அனுப்பலாம். அதாவது கேள்விக்கு ஆளாகிறவரே அந்தக் கேள்வி வரலாமா என்று கருத்துச் சொல்கிறார். இறுதி முடிவு சபாநாயகர் அல்லது அவைத்தலைவர் கையில்தான், ஆனால் அந்தக் கருத்துக்கு எவ்வளவு எடை என்பது வெளியே இருக்கும் நமக்குத் தெரியவே தெரியாது.

உதாரணம் வேண்டுமா? 2021 டிசம்பரில், சீனர்கள் அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டினார்களா என்ற தன் கேள்வியை தேசநலன் கருதி அனுமதிக்க முடியாது என்று மாநிலங்களவைச் செயலகம் தெரிவித்ததாக சுப்பிரமணியன் சுவாமி வெளிப்படையாகச் சொன்னார். அவர் அப்போது ஆளும் பாஜகவின் எம்.பி. அதே ஆண்டு ஆகஸ்டில் பெகாசஸ் விவகாரம். பெகாசஸ் என்ற வேவு மென்பொருளை விற்கும் என்எஸ்ஓ நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டதா என்று இந்திய கம்யூனிஸ்ட் எம்.பி. பினாய் விஸ்வம் கேட்டிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, அனுமதிக்க வேண்டாம் என்று அரசு செயலகத்துக்கு எழுதியதாகச் செய்தி வந்தது. ஆனால் அதே மாதத்தில் இன்னொரு கேள்விக்கு, என்எஸ்ஓவோடு தங்களுக்கு எந்தப் பரிவர்த்தனையும் இல்லை என்று பாதுகாப்பு அமைச்சகம் எழுத்தில் பதில் கொடுத்தது. ஒரு அமைச்சகம் "இல்லை" என்று சொல்ல முடிகிற விஷயத்தை மொத்த அரசிடமும் கேட்டால் மட்டும் அது வழக்கைப் பாதிக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வழக்கின் தீர்ப்பைப் பாதிக்காமல் இருக்கத்தான் அந்த விதி. ஒப்பந்தம் உண்டா இல்லையா என்பது வெறும் தகவல்.

"தகவல் இல்லை" என்று சொல்லிவிட்டால்?

அதுவும் ஒரு பதிலாகத்தான் கணக்கில் வரும். 2020 செப்டம்பரில், ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தங்களிடம் அந்தத் தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. 2021 ஜூலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டபோது, அப்படிக் குறிப்பாக எந்த இறப்பையும் மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்று பதில். எழுத்தைப் பார்த்தால் இரண்டும் பதில்தான். ரயில் தண்டவாளத்தில் படுத்திருந்தவர்களையும் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களையும் பார்த்த நாட்டுக்கு அது பதிலா? "மாநிலங்களிடம் என்ன வார்த்தையில் கேட்டீர்கள், எந்தத் தேதியில் கேட்டீர்கள்?" என்று உடனே ஒரு துணைக் கேள்வி விழுந்தால் அந்த வரி நிற்குமா என்று பாருங்கள்.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்பார்களே, அது எங்கே போகிறது?

அது கணக்கில் ஏறும். அவையில் அமைச்சர் கொடுக்கும் இப்படிப்பட்ட வாக்குகளைப் பின்தொடரவே 1953-ல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழுவை அமைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. தாமதமானால் அமைச்சகம் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும், கைவிட வேண்டுமானாலும் குழுவிடம்தான் கேட்க வேண்டும். வருடக்கணக்கில் நிலுவையில் கிடப்பவை ஏராளம், ஆனாலும் உங்கள் ஊர்ப் பாலமோ ரயில் பாதையோ இப்படி ஒரு பதிலில் மாட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம்.

அமைச்சர் தவறான தகவல் கொடுத்தால்?

சபாநாயகரின் 115-ஆவது வழிகாட்டுதலின்படி எந்த எம்.பி.யும் அந்தத் தவறை எழுத்தில் சுட்டிக்காட்டலாம், அமைச்சரிடம் விளக்கம் கேட்பார்கள். அமைச்சரே முன்வந்து திருத்தவும் செய்யலாம். தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் அவையின் உரிமையை மீறினார் என்று உரிமை மீறல் பிரச்சினை எழுப்பலாம். காட்டுவதுதான் கடினம்.

அவசரமான விஷயம் என்றால் வேறு வழியே இல்லையா?

வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டும் இருக்கிறது. குறுகிய அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று உண்டு, அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும். அவசர விஷயங்களை எழுப்ப விடும் பூஜ்ய நேரத்தில் பேசலாம், அது விதிப் புத்தகத்திலேயே இல்லாத, அறுபதுகளில் வழக்கமாகிவிட்ட ஒன்று, அதனால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. விதி 377-ன் கீழ் எழுதி வைத்ததை வாசிக்கலாம், பதில் பிறகு கடிதமாக வரும். கவன ஈர்ப்பில் அமைச்சர் அறிக்கை வாசிப்பார், விளக்கம் கேட்கலாம், விவாதம் கிடையாது. வழக்கமான அலுவலை நிறுத்திவிட்டு அவசர விஷயத்தைப் பேசக் கேட்கும் ஒத்திவைப்புத் தீர்மானம் மக்களவையில் மட்டும்தான், அதற்கும் சபாநாயகரின் சம்மதம் வேண்டும். மாநிலங்களவையில் விதி 267-ன் கீழ் மற்ற அலுவலை நிறுத்திவிட்டு ஒரு விஷயத்தைப் பேசக் கேட்கலாம். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்துக்காக அதை ஏற்றார்கள். அதன் பிறகு எத்தனையோ நோட்டீஸ் கொடுத்தும் வருடக்கணக்கில் கதவு திறக்கவில்லை.

கடைசியில் இருப்பது நம்பிக்கையில்லாத் தீர்மானம், 50 உறுப்பினர் ஆதரவு போதும். 2023-ல் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமர் அவையில் பேச வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நடக்காமல், தோற்பது நிச்சயம் என்று தெரிந்தே எதிர்க்கட்சிகள் காங்கிரஸ் எம்.பி. கௌரவ் கோகோய் பெயரில் அதைக் கொண்டுவந்தன. ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் பேசினார். ஒருவரைப் பேச வைக்க ஆட்சியைக் கவிழ்க்கும் தீர்மானம் வரை போக வேண்டியிருக்கிறது என்றால் கீழே இருக்கும் மற்ற வழிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் மாதிரி பிரதமரை வாராவாரம் கேட்க முடியாதா?

அப்படி ஒரு ஏற்பாடு இங்கே இல்லை. பிரதமர் கையில் இருக்கும் அணுசக்தி, விண்வெளி, பணியாளர் நலன் போன்ற துறைகளுக்குக் கேள்வி கேட்கலாம், பெரும்பாலும் இணையமைச்சர்தான் எழுந்து பதில் சொல்வார்.

2020-ல் கேள்வி நேரத்தையே ரத்து செய்தார்களே, அது சரியா?

அந்த மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி நட்சத்திரக் கேள்விகளை முழுதாக நிறுத்தினார்கள், பூஜ்ய நேரத்தை அரை மணியாகக் குறைத்தார்கள். எழுத்துப் பதில் உண்டே என்று அரசு சொன்னது. 1962 சீனப் போரின்போதும் கேள்வி நேரம் இல்லாமல் கூட்டம் நடந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் 2020-ல் அதே அவை கூடி, அதே உறுப்பினர்கள் உட்கார்ந்து, வேளாண் மசோதாக்களை நிறைவேற்ற முடிந்தது. மசோதாவுக்கு இருந்த நேரம் கேள்விக்கு இல்லை. எழுத்துப் பதில் மட்டும், துணைக் கேள்வி கிடையாது என்ற நிலை 1892 சட்டத்தின் நிலைதான், அதனால்தான் அந்தப் பழைய கதையை மேலே அவ்வளவு நீட்டிச் சொன்னேன். 2021 பட்ஜெட் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் திரும்பி வந்தது.

எம்.பி. சஸ்பெண்ட் ஆனால் அவர் கொடுத்த கேள்வி?

போய்விடும். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் இரண்டு பேர் குதித்து புகைக் குப்பியைத் திறந்தார்கள். உள்துறை அமைச்சர் அவையில் அறிக்கை தர வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டன. அந்தக் கூட்டத்தொடரில் மட்டும் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் சஸ்பெண்ட் ஆனார்கள், கனிமொழி, ஜோதிமணி, சு. வெங்கடேசன் உட்பட தமிழ்நாட்டு எம்.பி.க்கள் பலர் அதில் உண்டு. சஸ்பெண்ட் செய்த அன்றைக்கு அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி. பார்த்திபன் பெயரையும் சேர்த்துவிட்டு, பிறகு தவறு என்று எடுத்தார்கள். சஸ்பெண்ட் ஆனவர்களின் கேள்விகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. முழக்கமிட்டது ஒழுங்கீனம் என்றே வைத்துக்கொள்வோம். குலுக்கலில் வென்று, விதிப்படி அனுமதி பெற்ற கேள்வி அந்தத் தொகுதி மக்களுடையது. அதை ஏன் எடுக்க வேண்டும்?

எல்லாத் தப்பும் அரசு பக்கம்தானா? எம்.பி.க்கள் மேல் இல்லையா?

இருக்கிறது. 2009 நவம்பர் 30 அன்று கேள்வி கொடுத்தவர்களில் நிறையப் பேர் அவைக்கே வராததால் மக்களவையில் கேள்வி நேரம் பாதியிலேயே நின்றுபோனது. அமளியால் ஒத்திவைக்கப்பட்டு வீணாகும் கேள்வி நேரம் அதைவிடப் பல மடங்கு, அதில் எல்லாக் கட்சிகளுக்கும் பங்கு உண்டு, எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில் பாஜகவுக்கும்.

அப்புறம் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பது. 1951-லேயே எச்.ஜி. முத்கல், பம்பாயின் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கியதற்காகப் பதவியை இழந்தார். 2005 டிசம்பரில் ரகசியக் கேமராவில் மாட்டிய 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள், பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. அவையில் செய்யும் காரியத்துக்கு லஞ்சம் வாங்கினால் எம்.பி. என்ற பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அந்த 11 பேர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கேள்வி என்றாலே சந்தேகப்பட அரசுக்கு ஒரு சாக்கு கொடுத்தவர்கள் அவர்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நானே கேட்டுக்கொள்ளலாமே, எம்.பி. எதற்கு?

கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். 2005-ல் அந்தச் சட்டம் வந்தபோது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி அதன் 8-ஆவது பிரிவில் இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. எம்.பி.யையும் நம்மையும் ஒரே வரிசையில் உட்கார வைத்த வரி. 2023-ல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பகுதியைத் திருத்தியபோது அந்த வரியையும் சேர்த்து எடுத்துவிட்டது. எம்.பி. மூலம் கேட்பது இப்போது முன்பைவிடத் தேவையாகிவிட்டது.

சரி, என் எம்.பி.யிடம் ஒரு கேள்வியைக் கொடுக்க வேண்டும். எப்படி எழுதுவது?

"ஏன் எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறீர்கள்" என்று எழுதாதீர்கள், அது வாதம், விதி 41-ல் அடிபடும். எந்தத் திட்டம், எந்த ஆண்டு, எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, தாமதம் என்றால் காரணம் என்ன, எந்தத் தேதிக்குள் முடியும் என்று (அ), (ஆ), (இ) எனப் பிரித்து எழுதுங்கள். மாநில அரசின் விஷயமென்றால் அதில் இருக்கும் மத்திய அரசுப் பணத்தைப் பிடித்துக் கேளுங்கள், அப்போது "எங்கள் பொறுப்பில் வராது" என்று தள்ள முடியாது. கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே கொடுத்துவிடுங்கள். முன்பு இதே விஷயத்துக்கு வந்த பதிலை சன்சத் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கும். அந்தப் பழைய பதிலில் எந்த இடம் மழுப்பல் என்று கண்டுபிடித்து அதிலிருந்து கேள்வியைத் தொடங்குங்கள். நட்சத்திரக் கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், கூடவே இரண்டு துணைக் கேள்வியையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த இரண்டை எழுதிக் கொடுப்பதே இல்லை.